பேர் வாங்கிய கஞ்சி

எங்கள் குசினிச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில், எப்போதோ முடிந்துபோன ஒரு மாதத் தாளைக் கிழிக்க நான் விடவில்லை. அதன் பின்பக்கம் முழுக்க, எங்கள் நாய் பிறவுணிக்குச் சுகமில்லாமல் போன ஓர் இரவைப் பற்றிய பென்சில் எழுத்து. "11.20 சத்தி. இறைச்சித் துண்டு, கொழுப்பு, எலும்புச் சில்லு ஒண்டு. 12.05 சத்தி, மஞ்சள் நுரை. 12.40 தண்ணி குடிச்சது, குடிச்ச கையோட சத்தி. 1.30 வயித்தால, தண்ணியா, ரத்தம் இல்ல. 2.10 பல் முரசு ஈரம், ரோஸ்." இப்படியே விடியும் வரைக்கும் போகிறது. எழுத்து கோணலாக இருப்பதற்குக் காரணம், மற்றக் கையில் டோர்ச் இருந்தது.

பிறவுணி பிழைத்துக்கொண்டாள். நாலு வயது, 14 கிலோ, சுத்தமான ஊர் நாய். ஐந்தாம் நாளே வாவிக் கரைக்குக் கொக்குத் துரத்தப் போய்விட்டாள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதற்குப் பிறகு ஒழுங்கையில் பரவிய கதையில்தான். பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு அங்கால நின்று, "என்னகா குடுத்தீங்க?" என்று கேட்டார். அம்மா யோசிக்கவே இல்லை. "கஞ்சிதான்" என்றார். அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் எந்த நாய்க்கு வயித்தால போனாலும் அம்மாவிடம் கஞ்சிப் பக்குவம் கேட்டு வருகிறார்கள். அம்மாவும் பச்சையரிசியா புழுங்கலா என்பதிலிருந்து தொடங்கி வகுப்பெடுக்கிறார்.

அதே கஞ்சியை, அதே அடுப்பில், அதே அம்மாதான் 2017இல் எங்கள் நாய்க்குட்டி கறுவலுக்கும் வைத்துக் கொடுத்தார். கறுவல் நாலாம் நாள் செத்துப்போனான். அப்போது கஞ்சியை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவன்ட விதி அவ்வளவுதான் என்றார்கள். பிழைத்தால் கஞ்சி, செத்தால் விதி. இந்தக் கணக்குத்தான் மாதக் கணக்காக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கறுவல்

கறுவலுக்கு அப்போது மூன்று மாதம் இருக்கும். ஆரையம்பதியில் ஒரு சொந்தக்காரர் வீட்டிலிருந்து சாரத்தில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தேன். வந்த இரண்டாம் கிழமை, ஒழுங்கைக்கு நாய் ஊசி போட வந்தவர்கள் அவனுக்கும் போட்டு அட்டையும் தந்தார்கள். "ஊசி போட்டாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிட்டோம். அது விசர்நாய் நோய்க்கான ஊசி. அந்த ஊசி அந்த ஒரு நோயைத்தான் தடுக்கும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு நாய் ஊசி என்றால் ஒரே ஊசிதான்.

முதல் நாள் சாப்பிடவில்லை. பின்னேரம் சத்தி. அம்மா மல்லித்தண்ணி அவித்தார். இரவு கஞ்சி. அடுத்த நாள் வயித்தால போகத் தொடங்கியதும் தயிர் கொடுத்தோம். எருமைத் தயிர் சட்டி இல்லாத வீடு மட்டக்களப்பில் ஏது? மாமி உள்ளி சுட்டு அரைத்துக் கொண்டுவந்தார். உடம்பு சுடுகிறது என்று நான் பரசிற்றமோல் குளிசையில் கால்வாசியை உடைத்துத் தேனில் குழைத்து ஊட்டினேன். அதை நான்தான் செய்தேன், வேறு யாரும் சொல்லிச் செய்ததில்லை. உள்ளியும் வெங்காயமும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பரசிற்றமோல் ஈரலையும் இரத்தத்தையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதெல்லாம் மறுகா தெரிந்த கதை. மூன்றாம் நாள் விடிய இரத்தமாகப் போனது. அந்த மணத்தை இப்போதும் என்னால் சொல்லில் சொல்ல முடியாது. ஒருமுறை மணந்தவர் மறக்கமாட்டார்.

பாலத்துக்கு அங்கால பின்னேரத்தில் நாய் பூனை பார்க்கிற டொக்டர் ஒருவரிடம் கொண்டு ஓடினோம். மேசையில் போட்டதுமே அவருக்கு விளங்கிவிட்டது. "மூணு நாளா என்ன செஞ்சீங்க, தம்பி?" என்றார். நானும் அம்மாவும் மாறி மாறிச் சொன்னோம்: மல்லித்தண்ணி, கஞ்சி, தயிர், உள்ளி, குளிசை. முழுவதையும் கேட்டுவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "குடுத்ததெல்லாம் சொல்றீங்க. எத்தின தரம் சத்தி எடுத்தது? கடைசியாத் தண்ணி வயித்தில தங்கினது எப்ப? மூத்திரம் எப்ப போனது?"

எங்களிடம் பதில் இல்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று நாளும் அவன் பக்கத்திலேயே இருந்திருக்கிறோம். கொடுக்கத்தான் இருந்திருக்கிறோம், பார்க்க இருக்கவில்லை.

பார்வோ. குடலின் உட்சுவரில் ஓயாமல் புதிது புதிதாய்ப் பிறக்கிற அணுக்களைத் தேடித் தின்னும் வைரஸ். உட்சுவர் உரிந்தபின் கஞ்சி ஊற்றினால் என்ன, அமிர்தம் ஊற்றினால் என்ன. அந்த வைரஸைக் கொல்கிற மருந்து என்று டொக்டர் கையில் ஒன்றும் இல்லை. சேலைன் ஏற்றி, சத்தியை அடக்கி, கிருமி இரத்தத்தில் ஏறாமல் காத்து, குட்டியின் உடம்பு தானாக எழும்பும் வரைக்கும் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். அதற்கு, சத்தி தொடங்கிய முதல் நாளே போயிருக்க வேண்டும். நாய்களில் இந்த நோயை உலகம் கண்டுகொண்டது 1978இல். அம்மாவுக்கு அந்த வருடம் சூறாவளி வருடம். அந்தக் கார்த்திகையில் கூரையும் போய், தென்னையெல்லாம் விழுந்து கிடந்தபோது, தென்னங்குருத்தை வெட்டி அவித்துத் தின்ற வீடு அம்மாவின் வீடு. யாராவது சாப்பிடாமல் படுத்தால் அம்மாவுக்கு நித்திரை வராது. அது நாயாக இருந்தாலும்.

கறுவலைப் புதைத்த பிறகு டொக்டர் சொன்னபடி வளவெல்லாம் குளோரின் கரைத்து ஊற்றிக் கழுவினேன். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் வருடம் தாண்டியும் கிடக்குமாம். புதுக்குட்டி எடுக்காமல் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோம். பிறவுணி வந்தபோது ஆறு கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா, நாலு மாதம் வரைக்கும் பார்வோவுக்கான ஊசி. விசர் ஊசி வேறாக. அட்டையை அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன்.

அந்த இரவு

பிறவுணியின் கதை பிறந்தநாள் வீட்டில் தொடங்கியது. ஒழுங்கை முனையில் ஆடு அடித்து விருந்து. பின்வளவில் கொட்டிய இலைக் குவியலில் தலையை விட்டவள், எட்டு மணிக்கு வயிறு உப்பி, நாக்கால் வாயை நக்கிக்கொண்டு வந்தாள். 11.20க்கு முதல் சத்தி. என் தங்கையின் மகன் வெளிறிப்போய் ஒரு செய்தி சொன்னான்: பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர்கள் எறிந்துவிட்டுப் போன மீனையும் அவள் மணந்து திரிந்தாளாம்.

எங்கள் கரையில் அந்தப் பேச்சு வந்தால் முதலில் வருகிற பயம் பேத்தை. வயிற்றை ஊதிக்கொண்டு மணலில் கிடக்கிற அந்த மீனின் நஞ்சுக்கு மாற்று மருந்தே கிடையாது. உடம்பு மரத்துக் கை கால் விழுந்து, கடைசியில் மூச்சும் நின்றுபோகும். டோர்ச் அடித்து அவளை முற்றத்தில் நடத்திப் பார்த்தேன். நாலு காலும் ஒழுங்காக ஊன்றி நடந்தாள். கூப்பிட்டால் வால் ஆடியது. கடற்கரைக்குப் போய் ஆறு மணித்தியாலம் தாண்டிவிட்டது. பேத்தை என்றால் இவ்வளவு நேரம் சும்மா இருக்காது. சத்தியிலும் மீன் இல்லை, ஆட்டுக் கொழுப்புத்தான். அப்போதுதான் நாட்காட்டியைக் கழற்றித் திருப்பி, முதல் வரியை எழுதினேன். ஏன் எழுதினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. டொக்டரின் கேள்வி எட்டாமல் எங்கேயோ உள்ளே கிடந்திருக்க வேண்டும்.

டொக்டருக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. அந்த நேரத்தில் யார் எடுப்பார்? வாட்ஸ்அப்பில் குரலில் எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். அரச கால்நடை அலுவலகம் காலையில்தான் திறக்கும். ஆக விடியும் வரைக்கும் நானும் அம்மாவும் பிறவுணியும்.

12.40 வரியில்தான் நான் பிழை விட்டேன். இரண்டு தரம் சத்தி எடுத்த நாய்க்குத் தாகம் எடுக்கும்தானே என்று பெரிய சட்டியில் தண்ணீர் வைத்தேன். மூச்சு விடாமல் சளக் சளக் என்று முழுவதையும் குடித்தாள். நான் சந்தோசப்பட்டு முடிவதற்குள் எல்லாம் வெளியே. குடித்ததைவிடக் கூடவே வந்தது போல் இருந்தது. எரிந்து கிடக்கிற வயிறு ஒரேயடியாக விரிந்தால் திருப்பித் தள்ளத்தான் செய்யும். அம்மா அதைப் பார்த்ததும், "வெறு வயித்தில தண்ணி குடுத்தா இப்படித்தான் மனே, கஞ்சி வைக்கிறன்" என்று அடுப்பை மூட்டிவிட்டார்.

நான் வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. இரவு ஒரு மணிக்கு ஒரு நாயின் வயிற்றுக்காகத் தாயும் மகனும் சண்டை பிடித்த வீடு எங்கள் வீடு. "பட்டினி போட்டுக் கொல்லப் போறியா?" என்றார். "கறுவலுக்கும் குடுத்தனாங்கதானே?" என்று என் வாயில் வந்துவிட்டது. அந்தப் பேர் வீட்டில் நெடுநாளாக யாரும் எடுக்காத பேர். அம்மா அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். அடுப்பில் அரிசி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மன்னிப்புக் கேட்கலாமா என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அம்மா வந்து பிறவுணிக்குப் பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்து, "சரி, என்ன பாக்கணும், காட்டு" என்றார்.

காட்டினேன். மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் தடவினால் வழுக்க வேண்டும். ஒட்டினால் உடம்பில் தண்ணீர் வற்றுகிறது. பெருவிரலால் முரசை அழுத்தி எடுத்தால் வெள்ளையாகிற இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். தோளுக்கு நடுவில் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டால் உடனே படிய வேண்டும். கூடாரம் போல நின்றால் அது ஓட்டோவைக் கூப்பிடும் நேரம். வயிறு பறை மாதிரி விறைத்து, சத்தி வராமல் வெறும் ஓங்காளம் மட்டும் வந்தாலும் அதே. கொழுப்புத் தின்ற நாய் ஆனபடியால் இன்னொன்றையும் பார்த்தோம்: முன்னங்காலை நீட்டி நெஞ்சை நிலத்தில் வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கி, கும்பிடுவது போல நிற்கிறாளா என்று. கணையம் வீங்கினால் அந்த வலிக்கு நாய் அப்படி நிற்கும். அம்மா பெருவிரலால் முரசை அழுத்தி, "ஒண்டு, ரெண்டு" என்று சத்தமாக எண்ணினார். "சிவந்திட்டு" என்றார். நாட்காட்டியில் 2.10க்கு இருக்கிற வரி அதுதான்.

பிறகு தண்ணீர். தேக்கரண்டியால், பத்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி. தங்கினால் இரண்டு கரண்டி. வீட்டில் ஒரு பக்கற் ஜீவனி, வயித்தால போனால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள், கிடந்தது, கரைத்து நாக்கில் தொட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விட்டுவிட்டோம், வெறும் தண்ணீரே போதும். 14 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை முக்கால் லீற்றருக்குக் கொஞ்சம் மேலே என்பது என் கணக்கு. அதைக் கரண்டியில் கொடுப்பதென்றால் எத்தனை கரண்டி என்று எண்ணிப் பார்க்காதீர்கள். அம்மா எண்ணினார். அம்மாவுக்கும் கையில் கொடுக்க ஏதோ ஒன்று வேண்டியிருந்தது, கரண்டி கிடைத்துவிட்டது. அன்றிரவு அவர் ஊட்டியது தண்ணீரை மட்டுமே. எனக்குத் தெரிந்து, என் அம்மா ஒரு சீவனைப் பசியோடு இருக்க விட்டுப் பக்கத்தில் இருந்தது அதுதான் முதல் தடவை. 3.15க்குப் பிறகு நாட்காட்டியில் சத்தி என்ற சொல்லே இல்லை. நாலு மணி போல அவள் அம்மாவின் மடியில் தலை வைத்துக் குறட்டை விட்டாள்.

கஞ்சியின் முறை

5.30க்கு டொக்டரின் பதில் வந்தது. வளர்ந்த, ஊசி போட்ட, தெம்பான நாய். சத்தி நின்று ஆறு மணித்தியாலம் போகட்டும், பிறகு கொஞ்சமாகச் சாப்பாடு தொடங்குங்கள் என்றார். ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவது பழைய வழக்கமாம். சத்தி இல்லாமல் வயித்தால மட்டும் போகிற நாயைப் பட்டினி போடுவதை இப்போது வைத்தியர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை, குடலுக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளவும் உள்ளே கொஞ்சம் சாப்பாடு வர வேண்டும் என்றார். குட்டி என்றால் பட்டினியே கூடாது, சீனி இறங்கி விழுந்துவிடும். ஆக அம்மாவும் முழுப்பிழை இல்லை, நானும் முழுச்சரி இல்லை. இதை அம்மாவிடம் சொன்னேன். அந்த ஒரு பாதியை மட்டும் அவர் இன்றுவரைக்கும் நினைவு வைத்திருக்கிறார்.

இரவு அடுப்பில் வைத்த அரிசி குழைந்து கிடந்தது. அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு தோல் உரித்த கோழி நெஞ்சு, உப்பில்லாமல் அவித்துப் பிய்த்துப் போட்டது. வெங்காயம் இல்லை, உள்ளி இல்லை, மஞ்சள் மிளகாய் ஒன்றும் இல்லை. அம்மா அதை வாயில் வைத்துப் பார்த்து, "இத மனிசன் தின்னுவானா?" என்றார். முதல் நாள் ஒரு தரத்துக்கு இரண்டு மேசைக்கரண்டிதான், ஐந்து தரம். மாமி ரசம் வைத்துக் கொண்டுவந்தார். உள்ளி மணக்க மணக்க. நான் நன்றி சொல்லி வாங்கி, நானே குடித்தேன். நல்ல ரசம். தயிரும் வேண்டாம் என்றேன்: எருமைப்பாலில் பசுப்பாலைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு கொழுப்பு, கொழுப்பால் விழுந்த நாய்க்கு அது தேவையா? பாமசியில் வயித்தால நிற்பாட்டுகிற குளிசை வாங்கித் தரட்டுமா என்று மச்சான் கேட்டதற்கும் வேண்டாம்தான். டொக்டர் சொல்லாத ஒரு குளிசையும் இனி என் கையால் ஒரு நாயின் வாய்க்குள் போகாது.

மூன்றாம் நாள் காலை அவள் வேலியோரம் இருந்து எழும்பிய இடத்தில், கையில் எடுக்கலாம் போல, உருட்டிய மாதிரி. ஒரு மனிதன் இன்னொரு சீவனின் மலத்தைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்படலாம் என்பது நாய் வளர்க்காதவர்களுக்கு விளங்காது. அதன்பிறகு நாலு நாளில் பழைய சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கூட்டினோம்.

ஆக, கஞ்சி என்ன செய்தது? ஆறிக்கொண்டிருந்த வயிற்றுக்குப் பாரமில்லாத சாப்பாடாக இருந்தது. அவ்வளவுதான். அவளைச் சுகப்படுத்தியது அவளுடைய உடம்பு. தின்ற கொழுப்பை அது தானே வெளியே எறிந்துவிட்டது. கறுவலைக் கொன்றதும் கஞ்சி இல்லை. ஆனால் கஞ்சி வைத்துக்கொண்டிருந்த மூன்று நாள் இருக்கிறதே, அதை நான் கஞ்சியின் கணக்கில் எழுதுவதா, எங்கள் கணக்கில் எழுதுவதா? இதை அம்மாவிடம் ஒருநாள் கேட்கவும் கேட்டேன். அவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

போன கிழமை செக்கல் நேரம், கடைசி வீட்டுப் பொடியன் ஒரு மூடி போட்ட சட்டியோடு வந்தான். அவர்களின் குட்டி நேற்றையிலிருந்து சத்தியாம், இன்றைக்கு வயித்தாலயும் போகிறதாம், அம்மா கஞ்சி வாங்கிவரச் சொன்னாவாம். எங்கள் அம்மா உற்சாகமாக எழும்பி அடுப்படிக்குப் போய் வடித்து ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன்: "எத்தின மாசம்?"

"மூணு மாசம் அண்ண."

"ஊசி போட்டதா?"

"ஓம் அண்ண, விசர் ஊசி போட்டாச்சு. அட்டையும் இருக்கு."

அகப்பைச் சத்தம் நின்றது. அம்மா குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "முரசு வழுக்குதா ஒட்டுதா மனே?" என்று கேட்டார். அவனுக்கு விளங்கவில்லை. அம்மா செருப்பைத் தேடிக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்க, நான் ஓட்டோவுக்கு அழைத்தேன். கல்லடிப் பாலத்தில் ஏறும்போது பார்த்தேன்: குட்டி சாரத்துக்குள் சுருண்டு அவன் மடியில், சூடாறாத கஞ்சிச் சட்டி மூடியோடு அவன் காலடியில். அதை வீட்டில் வைத்துவிட்டு வர ஒருவருக்கும் தோன்றவில்லை.